ஹெர்-2: ஒரு மருந்து வந்த வழி

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. என்னிடம் ஆரம்பப்பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் சிலிம் ரிவரில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் தஞ்சோங் மாலிமில் வேலை செய்கிறான். கையில் ஒரு பழுப்பு நிற உறை. "டீச்சர், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது" என்றான். அவனுடைய தாயாரின் மார்பில் ஒரு கட்டி. அதில் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அந்தப் பரிசோதனையின் அறிக்கைதான் உறைக்குள் இருந்தது.

தோட்டப்பள்ளி ஆசிரியர் என்றால் பிறப்புப் பத்திரத்திலிருந்து கடன் கடிதம் வரை எல்லாவற்றையும் படித்துச் சொல்ல வேண்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தாளைப் பார்த்ததும் நானும் சற்றுத் திகைத்தேன். மூன்று குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டுக்கும் எதிரே 'இல்லை' என்று போட்டிருந்தது. மூன்றாவதற்கு எதிரே 2+ என்று மட்டும் இருந்தது.

நான் பயின்றது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். மருத்துவக் கல்லூரியில் அன்று. ஆகவே தெரிந்தவர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அந்த மூன்று குறிகளின் வரலாற்றைத் தேடினேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மார்பகப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரால் சொல்லுகிறோம். வெகுகாலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே நோய் என்றால் ஒரே வைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வைத்தியம் கத்திதான். மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் சேர்த்தே அகற்றிவிடுவார்கள். பிறகு கதிர்வீச்சு வந்தது. அதற்கும் பிறகு கீமோதெரபி என்னும் மருந்து வைத்தியம் வந்தது. கீமோதெரபி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பதை நீங்கள் அறிவீர்கள். மருந்து புல்லின் மேலும் விழும். பக்கத்தில் நாம் வளர்க்க நினைக்கும் கொடியின் மேலும் விழும். வேகமாக வளரும் எதையும் அது தாக்கும். தலைமயிர் கொட்டுவதும், வாய் புண்ணாவதும் அதனால்தான். அந்த வைத்தியத்தால் பிழைத்தவர்கள் ஏராளம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புல்லை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கும் மருந்து ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று.

முதல் தடயம் ஸ்காட்லாந்து நாட்டில் கிடைத்தது. கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். கால்நடை வளர்ப்பவர்கள் பசுவின் சினைப்பையை அகற்றினால் அது பால் சுரக்கும் விதம் மாறிவிடுகிறது என்று அவர் கேள்விப்பட்டார். மடிக்கும் சினைப்பைக்கும் தொடர்பு இருக்குமானால், மார்பில் வரும் புற்றுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் அல்லவா? நோய் முற்றிய பெண்களுக்குச் சினைப்பையை அகற்றிப் பார்த்தார். கட்டி சுருங்கியது. 1896இல் அதை எழுதி வெளியிட்டார். ஆனால் மற்ற மருத்துவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்குத்தான் பலித்தது. பலருக்குப் பலிக்கவேயில்லை. ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்கு ஏன் பலிக்கவில்லை என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

விடை சொன்னவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன். 1950களின் இறுதியில் அவர் ஆராய்ச்சி தொடங்கியது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் எல்லா உயிரணுக்களிலும் தங்குவதில்லை என்று கண்டார். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு தனிப் புரதம் வேண்டும். அதற்கு ஏற்பி என்று பெயர். பூட்டுக்குச் சாவி போல ஏற்பிக்கு ஹார்மோன். சில பெண்களின் கட்டியில் இந்த ஏற்பி இருக்கிறது. சிலருடைய கட்டியில் இல்லை. இருக்கும் கட்டிதான் ஹார்மோனை அடைத்தால் சுருங்கும். உங்கள் அறிக்கையில் இ.ஆர். என்று இருப்பது இந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். அந்தப் பூட்டில் போய் அடைத்துக்கொள்ளும் டமோக்சிபென் என்னும் மாத்திரை, கருத்தடைக்காக இங்கிலாந்தில் 1962இல் உண்டாக்கப்பட்டது. கருத்தடைக்கு அது உதவவில்லை. 1970களில் மார்பகப் புற்றுக்கு மருந்தாயிற்று.

இரண்டாவது குறியான பி.ஆர். என்பது புரொஜெஸ்டிரோன் ஏற்பி. அதைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. சியாமளா கோபாலன் என்பது அவர் பெயர். 1938இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தையாரின் ஊர் மன்னார்குடிக்கு அருகேயுள்ள துளசேந்திரபுரம். நம் பாட்டன்மார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்களே, அந்தத் தஞ்சைச் சீமைதான். டில்லியில் மனையியல் படித்துவிட்டு, 1958இல், பத்தொன்பது வயதில், தனியாகக் கலிபோர்னியாவுக்குப் போனார். 1964இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வுக்கூடங்களில் வாழ்நாள் முழுவதும் மார்பகத்தைப் பற்றியே ஆராய்ந்தார். எலியின் மார்பகத்தில் புரொஜெஸ்டிரோன் ஏற்பி எப்படி வேலை செய்கிறது, அதற்குரிய மரபணு எது என்பதே அவர் ஆராய்ச்சி. 2009இல் காலமானார். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தபோது, பத்திரிகைகள் தாயாரைப் பற்றியும் எழுதின. பெரும்பாலும் 'துணை அதிபரின் தாயார்' என்றுதான் எழுதின. எனக்கு அது போதவில்லை. நாட்டில் எத்தனையோ மருத்துவமனைகளில் இந்த இரண்டெழுத்துக் குறியைத் தாளில் எழுதுகிறார்கள். அதன் பின்னே உழைத்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

இனி மூன்றாவது குறிக்கு வருவோம். இதுதான் கதையின் உயிர்.

ஹார்மோன் மட்டும்தான் உயிரணுவுக்கு 'வளர்' என்று கட்டளையிடுகிறதா? இல்லை. ஸ்டான்லி கோஹன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டார். சாதாரணமாக இரண்டு வாரத்தில் திறக்கும் கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. இதைப் பலர் ஒரு வேடிக்கை என்று விட்டிருப்பார்கள். கோஹன் விடவில்லை. தோலை வேகமாக வளரச் செய்யும் ஒரு பொருள் அந்தச் சாற்றில் இருக்கிறது என்று கண்டு, 1962இல் அதைத் தனியே பிரித்தார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பி உயிரணுவின் வெளிச்சுவரில் இருக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. 1986இல் அவருக்கும் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஏற்பியின் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதை முதலில் கண்டவர்களில் ஓர் இந்தியரும் இருக்கிறார். பம்பாயிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக்குப் போய், ராபர்ட் வெயின்பர்க் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த லட்சுமி சரண் பாதி என்பவர் அவர். எலியின் நரம்புக் கட்டியிலிருந்து புற்றை உண்டாக்கும் மரபணு ஒன்றை அங்கே ஆராய்ந்தார்கள். நரம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு 'நியூ' என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை, எதிர்ப்பொருள் கொண்டு பாதி பிடித்துக் காட்டினார். 1982இல் அது வெளியாயிற்று.

இங்கே சற்று நிறுத்திக் கவனியுங்கள். அதுவரை கண்ட புற்று மரபணுப் புரதங்கள் பெரும்பாலும் உயிரணுவின் உள்ளே ஒளிந்திருப்பவை. வெளியிலிருந்து மருந்து எட்டுவது கடினம். இதுவோ வெளிச்சுவரில் தலையை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும் கையில் இருக்கிறது. அந்த எதிர்ப்பொருளையே மருந்தாக்கலாமே! ஆனால் அந்த எண்ணம் அன்று அந்தக் கூடத்தில் யாருக்கும் எழவில்லை. அவர்கள் தேடியது நோயின் காரணத்தை, மருந்தை அல்ல. படித்தபோது எனக்கு மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கரும்பலகையில் நானே எழுதிய கணக்கின் விடையை, பின்வரிசையில் இருக்கும் பிள்ளை சொல்லித்தான் நான் பார்த்த நாட்கள் உண்டு.

சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் ஜெனன்டெக் என்னும் நிறுவனத்தில் வேலை செய்த ஆக்சல் உல்ரிக் என்னும் ஜெர்மானியர், மனிதரிடத்தில் உள்ள அதே மரபணுவைக் கண்டுபிடித்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் குடும்பத்தில் இரண்டாவது என்பதால் அதற்கு ஹெர்-2 என்று பெயர். 1986இல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் டெனிஸ் ஸ்லேமன் என்னும் மருத்துவரும் ஒருவர். அறுவைக்குப்பின் எடுத்த கட்டிகளை அவர் குளிர்ப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். இருவரும் கூடினார்கள். உல்ரிக்கிடம் மரபணு, ஸ்லேமனிடம் கட்டிகள். 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு முப்பது கட்டிகளில் ஹெர்-2 மரபணு ஒன்றுக்கு இரண்டாய், சிலவற்றில் இருபதுக்கும் மேலாய்ப் பெருகியிருந்தது. அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவாகத் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. 1987இல் இது வெளியாயிற்று. பிற்கால ஆராய்ச்சிகளின்படி நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேருக்கு இந்த வகை நோய் இருக்கிறது.

அப்படிப்பட்ட உயிரணுவில் என்ன நடக்கிறது? அதிகாலையில் பெரட்டு மணி அடித்தால் தோட்டம் எழுந்து வேலைக்குக் கிளம்பும். மணி நின்றால் வேலைக்கு அழைப்பு இல்லை. இந்த உயிரணுவிலோ மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, யாரும் அடிக்காமலே ஓயாமல் ஒலிக்கின்றன. உயிரணு வளர்கிறது, பிளக்கிறது, மீண்டும் வளர்கிறது. அந்த மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்துவதுதான் மருந்தின் வேலை.

அப்படி நிறுத்தும் எதிர்ப்பொருள் ஒன்றை ஜெனன்டெக் விஞ்ஞானிகள் எலியில் உண்டாக்கினார்கள். மைக்கேல் ஷெப்பர்ட் என்பவர் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். கண்ணாடிக் குடுவையில் வளர்த்த புற்று உயிரணுக்களின் வளர்ச்சியை அது தடுத்தது. ஆனால் எலியின் பொருளை மனிதருக்கு ஊசி போட்டால், உடம்பு அதை அந்நியன் என்று கண்டு விரட்டிவிடும். இதற்குச் செய்த தந்திரம் நமக்கு மிகவும் பழக்கமானது. நாற்றுமேடையில் பால்மரக் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறோம். வேர் ஒரு மரத்தினுடையது. பால் நிறையத் தரும் மொட்டு இன்னொரு மரத்தினுடையது. அதே மாதிரி, ஹெர்-2ஐப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியினுடையதாக வைத்துக்கொண்டு, மற்ற பாகம் முழுவதையும் மனித எதிர்ப்பொருளாகவே அமைத்தார்கள். பால் கார்ட்டர் என்பவரும் உடனிருந்தவர்களும் 1992இல் இதைச் செய்து முடித்தார்கள். டிராஸ்டுசுமாப் என்பது அந்த மருந்தின் பெயர். ஹெர்செப்டின் என்ற விற்பனைப் பெயரில் பலர் அறிவார்கள்.

அதே 1992இல்தான் என் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி கண்டது. அவர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் போட்டுக்கொண்டார். நான் அப்போது பள்ளிச் சிறுமி. அவர் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அன்று பார்த்திருந்தாலும் கொடுக்க மருந்து இல்லை.

மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியிடம் போனதும் எளிதாக நடக்கவில்லை. புற்று மருந்தில் பணம் போட நிறுவனத்திற்குத் தயக்கம் இருந்தது. ஸ்லேமன் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். சோதனையில் சேர்க்கப்பட்ட பெண்கள் சிலரே, கேட்டவர்களோ பலர். கலிபோர்னியாவில் ஒரு பெண் மருத்துவர் இந்த மருந்தைக் கேட்டுக் கிடைக்காமல் 1994இல் இறந்துபோனார். அந்த ஆண்டு டிசம்பரில் பெண்கள் சிலர் கார்களில் ஊர்வலமாக நிறுவனத்தின் வளாகத்திற்குள் போய்த் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அதற்குப்பிறகு நோயாளிகளின் பேச்சுக்கும் செவி சாய்க்க வேண்டியதாயிற்று.

பெரிய சோதனையில் நோய் பரவிய 469 பெண்கள் சேர்ந்தார்கள். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 33 பேர் இறந்தார்கள். புதிய மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 22 பேர். 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி அளித்தது. 2005இல் இன்னும் பெரிய செய்தி வந்தது. நோய் பரவும் முன்னரே, அறுவைக்குப்பின் ஓராண்டு இந்த மருந்தைக் கொடுத்தால், நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பதே அச்செய்தி. இந்த மருந்தில் ஒரு கவலையும் உண்டு. சிலருக்கு இதயத்தின் வலுவைக் குறைத்துவிடும். அதனால்தான் தொடங்கும் முன்னும் இடையிலும் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். 'மார்பு நோய்க்கு ஏன் நெஞ்சைப் பார்க்கிறார்கள்' என்று பயப்பட வேண்டியதில்லை.

மருந்து உண்டு, விலை கேட்டால் மயக்கம் வரும். இதுதான் அடுத்த பல ஆண்டுகளின் கதை. நம் நாட்டிலும் அரசாங்க மருத்துவமனைகளில் தேவைப்பட்ட எல்லாருக்கும் அது கிடைத்துவிடவில்லை. ஓராண்டுச் செலவைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 2014இல் ஒரு வழி பிறந்தது. பெங்களூரில் 1978இல் கிரண் மஜும்தார் ஷா என்னும் பெண்மணி தொடங்கிய பயோகான் நிறுவனம், இதே மருந்துக்கு ஒப்பான ஒன்றைத் தயாரித்து இந்தியாவில் குறைந்த விலைக்கு வெளியிட்டது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பெங்களூர் மருந்தை 2017 டிசம்பரில் அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகள் ஒப்பு மருந்துகளைத் தயாரிக்க, விலை இறங்கியது. இதே ஏற்பியைக் குறிவைக்கும் வேறு மருந்துகளும் வந்துவிட்டன. ஒன்று எதிர்ப்பொருளின் முதுகில் கீமோதெரபி மருந்தையே ஏற்றி அனுப்புவது. 2019இல் உல்ரிக், ஷெப்பர்ட், ஸ்லேமன் மூவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இவ்வளவு இருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்குப்படி, இந்தியப் பெண்களில் 23 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய் காணக்கூடியவர். எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாவது, நான்காவது நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். 2005இல் கண்ட அந்தப் பெரிய பலன் சீக்கிரம் வருபவர்களுக்கு உரியது. என் சின்னம்மா மூடிய சேலைத் தலைப்பை இன்னும் எத்தனையோ பேர் மூடிக்கொண்டிருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தரைவீடு வந்தது. அந்த வெட்கம் மட்டும் போகவில்லை.

சரி, என் மாணவன் கொண்டுவந்த தாளுக்கு வருவோம். ஹெர்-2க்கு எதிரே 0 அல்லது 1+ என்றிருந்தால் அந்த ஏற்பி பெருகவில்லை என்று பொருள். 3+ என்றால் பெருகியிருக்கிறது. டிராஸ்டுசுமாப் வேலை செய்யும். 2+ என்பது இரண்டுங்கெட்டான். அப்போது மரபணுவையே எண்ணிப் பார்க்கும் இரண்டாவது பரிசோதனை வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டால், பலன் தரக்கூடிய மருந்து ஒருவருக்குக் கிடைக்காமலே போகலாம். "அடுத்த முறை போகும்போது, இரண்டாவது பரிசோதனைக்கு அனுப்பிவிட்டீர்களா என்று டாக்டரிடம் பணிவாகக் கேள்" என்று ஒரு துண்டுத் தாளில் மலாயில் எழுதிக் கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து அவன் தொலைபேசியில் அழைத்தான். பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. மரபணு பெருகியிருக்கிறது, மருந்து உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, ஓராண்டுக்கு. நான் அவன் தாயாரைப் பார்க்கப் போனேன். அந்த அக்கா ஒரு காலத்தில் நாற்றுமேடையில் ஒட்டுக் கட்டியவர். எலியின் நுனியும் மனித உடலுமாகச் செய்த மருந்தின் கதையைச் சொன்னேன். வாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஒட்டுக் கட்டினா இருபத்தொரு நாள் கழிச்சித்தான் கட்டைப் பிரிச்சிப் பார்ப்போம் டீச்சர், புடிச்சிருக்கா இல்லையான்னு. இதுக்கும் மூணு வாரக் கணக்குத்தானா?" என்று கேட்டுச் சிரித்தார்.